பெயருக்கு ஒரு விலை, காய்க்கு ஒரு விலை

2021-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தம் பெயரிலேயே 'ஐலிஷ்' என்னும் வாசனைத் திரவியத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 19. கழுத்தும் தோளும் மார்பும் கொண்ட சிலைவடிவக் குப்பி, வெண்கல நிறம், உள்ளே 100 மில்லி, விலை 68 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 5,000 ரூபாய். பூவிதழ், கோகோ, மசாலா, டோங்கா விதை என்று பல மணங்கள் அதில் கலந்திருந்தாலும் அதன் உயிர் வெனிலாதான். சிறு வயதிலிருந்தே வெனிலா மணத்தின்மீது தமக்குத் தீராத மோகம் உண்டு என்று அவரும் சொல்லிவந்திருக்கிறார்.

அடுமனையின் வாசலைக் கடக்கும்போது மனத்தில் எழும் இதமான வெதுவெதுப்பைக் குப்பியில் அடைத்து விற்பது இன்று பெரும் வணிகம். நடிகைகளும் பாடகிகளும் வரிசையாக இத்தகைய இனிப்பு மணங்களுக்குத் தம் பெயரைத் தந்துவருகின்றனர். இதில் ரசனையைப் பற்றிப் பேச நிறைய பேர் உண்டு. பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு எழும் கேள்வி வேறு. அந்த 68 டாலரில் யாருடைய பங்கு நிலையானது, யாருடைய பங்கு காற்றில் ஆடுவது?

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். பிரபலங்கள் பெரும்பாலும் வாசனைத் திரவியத்தைத் தாமே தயாரிப்பதில்லை. ஐலிஷின் திரவியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது பார்லக்ஸ் என்னும் நிறுவனம். பாரிஸ் ஹில்டன், ரிஹானா ஆகியோரின் பெயரில் வந்த திரவியங்களுக்குப் பின்னாலும் இதே நிறுவனம்தான் இருந்தது. மணத்தைக் கலந்து தருவது ஒரு நறுமண நிறுவனம், குப்பி செய்வது வேறொன்று, விநியோகம் இன்னொன்று. பிரபலம் தருவது பெயரையும் முகத்தையும். அதற்குக் கைம்மாறாக விற்பனையில் ஒரு பங்கு ராயல்டியாகக் கிடைக்கும். இத்தகைய உரிம ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒரு விதிதான் என் கவனத்தை ஈர்ப்பது: குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் பெயரின் சொந்தக்காரருக்கு இவ்வளவு தந்தாக வேண்டும் என்பது அது.

இந்த வணிகம் புதிதன்று. 1981-இல் கோட்டி நிறுவனம் நடிகை சோபியா லாரனின் பெயரில் 'சோபியா' என்ற திரவியத்தை வெளியிட்டது. 1991-இல் எலிசபெத் டெய்லரின் 'வைட் டைமண்ட்ஸ்' வந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அது கடைகளில் கிடைக்கிறது. அவருடைய திரைப்படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர்களும் அதை வாங்குகிறார்கள். 2002-இல் ஜெனிபர் லோபஸின் 'குளோ', 2004-இல் பிரிட்னி ஸ்பியர்ஸின் 'கியூரியஸ்', அடுத்த ஆண்டே அவருடைய 'ஃபேன்டசி' என்று அலை எழுந்தது. வாசனை அறிந்தவர்கள் எனப்படுவோர் இவற்றை ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. பாரிஸ் நகரத்துப் பெருங்கடையில் நுழையவே தயங்கும் வருமானம் உள்ள ஒரு பெண்ணுக்கு, தான் விரும்பும் பாடகியின் பெயரில் ஒரு நல்ல மணம் கைக்கெட்டும் விலையில் கிடைப்பதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

சோபியா லாரனின் திரவியம் வந்த அதே 1981-இல், சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் உயர் நட்சத்திரங்களின் பொருளாதாரம் பற்றிய கட்டுரையை வெளியிட்டது தற்செயல்தான். திறமையில் சிறிதளவே வேறுபாடு உள்ளவர்களிடையே வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு ஏன் உண்டாகிறது என்பது அவர் கேள்வி. அவர் விடையின் சாரம் இது: சுமாரான பாடகர் பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒரு மகத்தான பாடகருக்கு ஈடாகமாட்டார்கள், பதிவுத் தொழில்நுட்பமோ அந்த ஒருவரின் குரலை உலகம் முழுவதற்கும் கொண்டுசேர்க்கிறது. பதிலீடு குறைவு, பரவல் எல்லையற்றது. இவ்விரண்டும் சேரும் இடத்தில் வருமானம் குவியும். குரலுக்குச் சொன்னது பெயருக்கும் பொருந்தும். பெயரை ஒட்டிய குப்பி ஒரு கோடி விற்றாலும் அந்தப் பெயர் தேய்வதில்லை.

இனி, வெனிலா.

வெனிலா ஒரு கொடி, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் அந்தக் கொடியைத் தம் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுபோய் வளர்த்தபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவின் அமைப்பு அப்படி. மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய சவ்வு தடுப்பாக நிற்கிறது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் பூச்சிகள் மெக்சிகோவில் இருந்தன, மற்ற நாடுகளில் இல்லை. பெல்ஜியத் தாவரவியலாளர் சார்லஸ் மோரன் 1836-இல் கண்ணாடிக் கூடத்தில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்துகாட்டினார் என்றாலும் தோட்டத்துக்கு அது ஒத்துவரவில்லை. தோட்டத்துக்கு ஒத்துவரும் முறையைக் கண்டவன், இந்தியப் பெருங்கடலில் இன்று ரெயூனியன் எனப்படும் தீவில் இருந்த எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். 1841-இல் ஒரு சிறு குச்சியால் அந்தச் சவ்வை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டவைத்தான். சில நொடி வேலை. உலகெங்கும் வெனிலாத் தோட்டங்களில் இன்றும் நடப்பது ஏறக்குறைய அதுவே.

அந்தச் சிறுவனுக்கு அப்போது குடும்பப் பெயர்கூட இல்லை. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதுதான் 'அல்பியஸ்' என்ற பெயர் அவருக்கு வழங்கப்பட்டது. அந்த முறையைக் கற்றுக்கொடுத்தவன் நானே என்று ஒரு தாவரவியலாளர் உரிமை கொண்டாடினார். எட்மண்டின் முன்னாள் உடைமையாளரே அதை மறுத்து எட்மண்டுக்காக எழுதினார். ஒரு தொழிலுக்கே உயிர் கொடுத்த எட்மண்ட் அல்பியஸ் 1880-இல் வறுமையில் இறந்தார்.

ரெயூனியனிலிருந்து அந்த முறை மடகாஸ்கருக்குப் போனது. இன்று உலகின் வெனிலாவில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்நாட்டில் விளைகிறது, பெரும்பாலும் வடகிழக்கில் உள்ள சாவா பகுதியில். நட்ட கொடி முதல் காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் வேண்டும். ஒரு பூ ஒரே ஒரு நாள், அதுவும் காலைப்பொழுதில்தான் விரிந்திருக்கும். அதற்குள் ஆள் போய்ச் சேர வேண்டும். காய் முற்ற ஒன்பது மாதம். பறித்த பச்சைக் காயில் மணம் கிடையாது. வெந்நீரில் அமிழ்த்தி, கம்பளியில் பொதிந்து வியர்க்கவைத்து, வெயிலில் காட்டி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் பதப்படுத்தி எடுக்க மேலும் பல மாதங்கள். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்த ஒரு கிலோவில் வெனிலின் என்னும் மணப்பொருள் ஏறத்தாழ 20 கிராம்.

இவ்வளவு பாடுபட்டு விளைவிக்கும் பொருளுக்கு விலை கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? சில ஆண்டுகளில் இருந்தது. 2000-இல் ஹூடா புயலும் 2002-இல் மடகாஸ்கரின் அரசியல் நெருக்கடியும் சேர்ந்து, 2003 வாக்கில் பதப்படுத்திய வெனிலாவின் விலையைக் கிலோவுக்கு 400 டாலருக்கு மேல் ஏற்றின. ஓரிரு ஆண்டுகளில் அது 30 டாலருக்குக் கீழே விழுந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. 2015-இல் பெரிய உணவு நிறுவனங்கள் செயற்கை மணங்களைக் கைவிடப்போவதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. 2017 மார்ச்சில் எனாவோ புயல் சாவா பகுதியைத் தாக்கியது. விலை 600 டாலரைத் தொட்டது. எடைக்கு எடை வெள்ளியைவிட அதிகம். அந்த நாள்களில் விவசாயிகள் இரவெல்லாம் தோட்டக் காவல் இருந்தார்கள். களவுபோனால் அடையாளம் காட்டுவதற்காகப் பச்சைக் காயின் தோலில் ஊசியால் தம் முத்திரையைக் குத்திவைத்தார்கள். திருட்டுக்கு அஞ்சி முற்றாத காயையே பறித்தவர்களும் உண்டு. அதனால் தரம் கெட்டது, வாங்குவோர் விலகினார்கள், விலை மீண்டும் சரிந்தது.

பொருளியல் மாணவர்களுக்கு இது தெரிந்த கதை. விலை ஏறும்போது எல்லாரும் நடுகிறார்கள். காய்ப்பு வரும்போது வரத்து பெருகி விலை விழுகிறது. விழுந்ததும் கொடியைப் பிடுங்குகிறார்கள். அடுத்த தட்டுப்பாட்டுக்கு அதுவே வித்தாகிறது. 1930-களில் நிக்கோலஸ் கால்டர் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயரிட்டார். பாடநூல்களில் எடுத்துக்காட்டாகப் பன்றி வளர்ப்பைச் சொல்வார்கள். நான் வகுப்பில் அதை விட்டுவிட்டு வெனிலாவைச் சொல்லத் தொடங்கியது 2004-க்குப் பிறகு. காரணம், கேரளத்திலும் கர்நாடகத்திலும் பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளிலும் அந்தக் காய்ச்சல் அப்போது உச்சத்தில் இருந்தது. பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. கொடியின் துண்டைக்கூட முழக்கணக்கில் விலைபேசினார்கள். சில ஆண்டுகளில் அதே காய் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. மடகாஸ்கரில் புயல் அடித்தால் இங்கே நடுவதும், அங்கே காய்த்தால் இங்கே பிடுங்குவதும் நம் விவசாயிகளுக்கும் பழக்கமான பாடம்.

ஆனால் வெனிலாவின் துன்பத்தைச் சிலந்திவலை மட்டும் விளக்கிவிடாது. மிளகும் ஏலமும் ஏறி இறங்குகின்றன. இந்த அளவுக்கு அல்ல. வெனிலாவுக்கு 1874-இல் ஒரு போட்டியாளர் பிறந்துவிட்டார். அந்த ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஃபெர்டினாண்ட் டீமானும் வில்ஹெல்ம் ஹார்மானும் ஊசியிலை மரத்துச் சாற்றுப்பொருளிலிருந்து வெனிலினைச் செயற்கையாக உருவாக்கினர். ஹோல்ஸ்மிண்டன் என்ற ஊரில் ஹார்மான் ஆலை தொடங்கினார். 1889-இல் கெர்லேன் நிறுவனம் வெளியிட்ட 'ஜிக்கி' செயற்கை வெனிலினைப் பயன்படுத்திய தொடக்ககால வாசனைத் திரவியங்களுள் ஒன்று. 1925-இல் வந்த 'ஷாலிமார்' இன்னும் வீரியமான எத்தில் வெனிலினைக் கையாண்டது. 1992-இல் தியரி முக்லரின் 'ஏஞ்சல்' மிட்டாய் மணத்தை வாசனைத் திரவியத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைய பிரபலங்களின் வெதுவெதுப்பான வெனிலாத் திரவியங்கள் அனைத்தும் இந்தப் பரம்பரையில் வந்தவைதாம். ஆக, வெனிலா வாசனைத் திரவியத்தின் வரலாறு பெருமளவு ஆய்வுக்கூடத்தின் வரலாறு.

கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். பெட்ரோலிய வழிப்பொருளிலிருந்து எடுக்கும் செயற்கை வெனிலின் கிலோ சுமார் 10 முதல் 20 டாலர். காயிலிருந்து ஒரு கிலோ வெனிலின் பெற 50 கிலோ காய் வேண்டும். காய் கிலோ 600 டாலர் விற்ற காலத்தில் அதற்கு 30,000 டாலர். காய் 60 டாலருக்கு விழுந்தாலும் 3,000 டாலர். காயின் மணம் வெனிலின் மட்டுமன்று, நூற்றுக்கணக்கான நுண்பொருள்களின் கூட்டு என்பது உண்மை. தேர்ந்த மூக்குக்கு வேறுபாடு தெரியும். ஆயினும் 68 டாலர் குப்பியில், ஆல்கஹாலில் கரைந்து, பத்துப் பதினைந்து மணங்களோடு கலந்த நிலையில், அந்த வேறுபாட்டுக்காக இருநூறு மடங்கு விலை கொடுக்க எந்த வணிகரும் முன்வரமாட்டார். உலகில் நுகரப்படும் வெனிலா மணத்தில் காயிலிருந்து வருவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு திரவியத்தில் காயின் சாறு எவ்வளவு என்பது நிறுவனத்தின் தொழில் ரகசியம். பெட்டியின் மீது 'நறுமணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது அடங்கிவிடும்.

எனவேதான் காயின் விலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. விலை ஏறினால் வாங்குவோர் சேர்மானத்தை மாற்றிக்கொண்டு செயற்கைக்குத் தாவுவார்கள். மாற்றிய சேர்மானம் மீண்டும் காய்க்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும், திரும்பாமலும் போகலாம். ஏற்றத்தில் இழந்த வாடிக்கையாளர் இறக்கத்தில் வருவதில்லை. 'இயற்கை' என்ற அடைமொழியாவது காய்க்கு அரணாக இருந்ததா என்றால், அதுவும் இப்போது கரைகிறது. அரிசித் தவிட்டிலிருந்து கிடைக்கும் ஃபெருலிக் அமிலத்தை நுண்ணுயிரிகளைக் கொண்டு வெனிலினாக மாற்றுகிறார்கள். மூலப்பொருள் தாவரம் என்பதால் அது இயற்கையானது என்ற முத்திரையைப் பெற முடிகிறது. நம் அரிசி ஆலையின் தவிடு மடகாஸ்கர் விவசாயியின் போட்டியாளராகும் காலம் இது.

குப்பிக்குள்ளும் குப்பியின் மீதும் உள்ள எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். காய்க்குப் பதில் வெனிலின், அந்த ஆலைக்குப் பதில் வேறோர் ஆலை, கண்ணாடிக்குப் பதில் வேறு கண்ணாடி. பதிலீடு இல்லாதது ஒன்றே ஒன்று: மேலே எழுதியுள்ள பெயர். நிலத்தின் வாரத்தைப் பற்றி ரிக்கார்டோ சொன்னது பெயருக்கும் பொருந்துகிறது. பதிலீடு அற்றதற்கே வாரம் போய்ச் சேரும். பதிலீடு உள்ளது கூலியை மட்டும் பெறும், சில ஆண்டுகளில் அதையும் பெறாது. இதில் பாடகியின் மீது குற்றம் சொல்ல ஏதுமில்லை. அவர் சம்பாதிப்பது சந்தை அவருக்குத் தருவது. நான் கேட்பது இடர் எப்படிப் பகிரப்படுகிறது என்பதைப் பற்றி மட்டுமே. ஏற்கெனவே வசதியாக இருக்கும் தரப்புக்கு உத்தரவாதத் தொகை இருக்கிறது. புயலையும் களவையும் விலைச் சரிவையும் ஒருசேரச் சுமப்பவருக்கு அது இல்லை.

இருக்கட்டும் என்று மடகாஸ்கர் அரசு முயன்றது. 2020-இல் ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச விலையைக் கிலோ 350 டாலர் என்று நிர்ணயித்து, பின் 250 ஆகக் குறைத்தது. நோக்கம் நல்லது, கருவி பழுது. அந்த விலைக்கு யாரும் வாங்காவிட்டால் அரசே வாங்கிக்கொள்ளும் என்ற ஏற்பாடு இல்லை. விளைவு, காகிதத்தில் ஒரு விலை, கைமாறியது வேறு விலை. சரக்கு தேங்கியது. 2023-இல் கட்டுப்பாட்டை நீக்கியதும் தேங்கியதெல்லாம் சந்தைக்குப் பாய்ந்து விலை அதலபாதாளத்துக்குப் போனது. நம் நாட்டில் குறைந்தபட்ச ஆதரவு விலை இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. அது உண்மையில் பெரிய அளவில் பலிப்பது அரசுக் கொள்முதல் உள்ள நெல்லுக்கும் கோதுமைக்கும்தான். கொள்முதல் இல்லாத ஆதரவு விலை எப்படி இருக்கும் என்பதை நம் பயறு விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தச் சரிவின் அடியில் கிடந்தவர்கள்மீதுதான் 2025 ஏப்ரலில் இன்னோர் இடி விழுந்தது. அமெரிக்கா அறிவித்த 'பதிலடி' இறக்குமதி வரிப்பட்டியலில் மடகாஸ்கருக்கு 47 விழுக்காடு. வணிகப் பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்து அதில் பாதியை வரியாக விதிப்பது என்பது சூத்திரம். அமெரிக்கர் மடகாஸ்கரிலிருந்து வெனிலாவும் ஆடையும் வாங்குகிறார்கள். மடகாஸ்கர் மக்களுக்கோ அமெரிக்கப் பொருள்களை வாங்க வசதியில்லை. அதனால் பற்றாக்குறை. ஏழ்மையையே வணிகக் குற்றமாகக் கணக்கிடும் சூத்திரத்தை என் மாணவர் எவராவது தேர்வில் எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்கமாட்டேன். அமெரிக்க நிலப்பரப்பில் வணிக அளவில் விளையாத ஒரு பயிருக்கு வரி போட்டு எந்த உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற முடியும்? அந்த வரி பின்னர் தள்ளிவைக்கப்பட்டு, விகிதமும் குறைக்கப்பட்டது. ஆனால் வாங்குவோர் கொள்முதலை ஒத்திப்போட இதுபோன்ற அறிவிப்பு ஒன்றே போதும்.

செய்யக்கூடியது என்ன? நன்றாகப் பதப்படுத்திய வெனிலா வெங்காயத்தைப் போல அழுகுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். அப்படிப்பட்ட பொருளுக்குக் கிடங்கும், கிடங்கு ரசீதின் பேரில் கடனும் இருந்தால், விலை விழுந்த ஆண்டில் விற்றே தீர வேண்டிய கட்டாயம் விவசாயிக்கு இராது. இந்தியாவில் இதற்கென்றே 2007-இல் சட்டம் இயற்றினோம். நடைமுறையில் சிறு விவசாயிக்கு அது எவ்வளவு எட்டியது என்பது தனிக் கட்டுரைக்கான பொருள். அடுத்தது ஒப்பந்தம். ஹார்மான் ஹோல்ஸ்மிண்டனில் தொடங்கிய ஆலையின் வழித்தோன்றலான சிம்ரைஸ் நிறுவனம் இன்று சாவா பகுதியில் விவசாயிகளிடம் நேரடியாக வெனிலாவை வாங்குகிறது. செயற்கையைக் கண்டுபிடித்தவரின் நிறுவனத்துக்கே காய் தேவைப்படுகிறது என்றால், காய்க்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்று பொருள். இப்படி வாங்கும் நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து, கீழ்வரம்பும் மேல்வரம்பும் குறித்து விலை பேசலாம். 600 டாலர் விற்கும் ஆண்டில் விவசாயி சிறிது விட்டுக்கொடுப்பார். 30 டாலருக்கு விழும் ஆண்டில் நிறுவனம் சிறிது விட்டுக்கொடுக்கும். பாடகியின் உரிம ஒப்பந்தத்தில் எழுதத் தெரிந்த உத்தரவாத விதியைக் காய்க்கான ஒப்பந்தத்தில் எழுத எந்த வழக்கறிஞருக்கும் கடினமாக இராது.

எழுத வேண்டிய இடமும் காலமும்கூடத் தெரிந்தவையே. சாவா பகுதியில் அறுவடைக்கு முந்தைய மழைமாதங்கள் பஞ்சகாலம். அரிசி தீர்ந்து, கையில் பணமில்லாத அந்த மாதங்களில், கொடியில் இன்னும் முற்றாத காயை, சில வேளை பூவையே, அடமானமாகக் காட்டி உள்ளூர்த் தரகரிடம் கடன் வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. அதற்குப் 'பூ ஒப்பந்தம்' என்றே பெயர். அறுவடையின்போது அந்தக் காய் முன்பே பேசிய அடிமாட்டு விலைக்குத் தரகருக்குப் போய்விடும், சந்தையில் விலை என்னவாக இருந்தாலும். இடைப்பட்ட அந்த மூன்று நான்கு மாதங்களுக்கான அரிசிக்கடனை நியாயமான வட்டியில் யார் தருகிறாரோ, அவர் கையில்தான் அந்த ஆண்டின் காய் இருக்கும்.